முக்கோணத்துக்குக் கீழே ஒரு நம்பர்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு காராச்சேவு பாக்கெட் இருந்ததாம். முன்பக்கம் பார்த்தால் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜொலிக்குமாம். பின்பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத கொல்லை மாதிரி கிடக்குமாம். அந்தக் கொல்லையின் ஒரு மூலையில் ஒரு முக்கோணம் இருந்ததாம்.

சிரிக்காதீர்கள் சார். என்னை வளர்த்த தாத்தா எதைச் சொன்னாலும் இப்படித்தான் தொடங்குவார். ரேஷன் கடையில் நடந்த சண்டையைச் சொன்னாலும் ஒரே ஒரு ஊரிலேதான். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. வேறு மாதிரி தொடங்கினால் வாய் ஓடுவதில்லை.

பஸ் இப்போதைக்குக் கிளம்பாது. டிரைவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார், கண்டக்டர் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுக்கிறார், அப்புறம் என்ன. கிடைக்கிற வண்டியில் தொற்றிக்கொண்டு சனம் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் மருமகன் பைக்கில் வர நேரமாகும் என்று போனில் சொன்னீர்களே, காதில் விழுந்தது. கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. நிழல் இருப்பது இந்த ஒரு மரத்தடியில்தான், பக்கத்தில் நின்றேன், விழுந்துவிட்டது.

எனக்கும் பெரிய அவசரம் இல்லை. இந்தக் காகிதச் சுருளைச் சிவகாசியில் பிரஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்றைக்குள் கொடுத்தால் போதும். கொடுத்துவிட்டால் என் கதை முடிந்தது, அது வேறு விஷயம்.

இந்தாருங்கள், கொறியுங்கள். சும்மாதான் சார், எங்கள் கம்பெனிச் சரக்கு. பை நிறைய சாம்பிள் வைத்திருக்கிறேன். நான் சொல்லும்போது நடுவில் ஒரு 'ம்' மட்டும் போட்டால் போதும். 'ம்' இல்லாத இடத்தில் எனக்குக் கதை நகராது. கம்பெனிக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருக்கிறேன். அங்கே நானும் ஒரு டேபிள் ஃபேனும்தான். ஃபேன் தலையை ஆட்டும், ஆனால் இல்லை, இல்லை என்றுதான் ஆட்டும்.

என் பெயர் காளிராஜ். சாத்தூருக்கு வெளியே தனுஷ்கோடி அண்ணாச்சி கம்பெனியில் பாக்கெட்டுக்கு டிசைன் போடுகிறேன். அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து சேவு போட ஆரம்பித்தவர். சரக்கு நன்றாக இருக்கும், ஆளுக்குத்தான் கொஞ்சம் நாக்கு நீளம்.

முதல் பாக்கெட் வரைந்தபோது பின்பக்கத்தில் எடை, விலை, தேதி எல்லாம் உட்கார வைத்துவிட்டேன். வலது கீழ் மூலை மட்டும் காலி. அண்ணாச்சிக்குக் காலி இடம் ஆகாது.

"ஏலே காளிராஜு, இந்த மூலை என்னலே மொட்டையா கெடக்கு?"

"என்ன போட அண்ணாச்சி?"

"பெரிய கம்பெனிக்காரன் என்னத்தப் போடுதான்? பாத்துப் போடு."

மேஜை மேல் நான் மத்தியானம் சாப்பிட்ட தயிர் டப்பா கிடந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று அம்பு ஒன்றை ஒன்று துரத்துகிற முக்கோணம், நடுவில் அஞ்சு. பார்க்க லட்சணமாக இருந்தது. அப்படியே எடுத்து மூலையில் வைத்தேன். "இப்பம்தாம்லே பாக்கெட்டு மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. எங்கள் தொழிலில் அப்படித்தான் சார். அது என்ன என்று யாரும் கேட்பதில்லை. எங்கே பொருந்தும் என்றுதான் கேட்பார்கள்.

பிறகு, புகார் சொல்ல ஒரு நம்பர் போட்டாக வேண்டும். அண்ணாச்சி நம்பர் வியாபாரிகளுக்கு. "ஒன் நம்பரப் போடு. ஒன்னய யாரு கூப்பிடப் போறா?" என்றார். அது உண்மைதான். என் போனுக்கு வருவது லோன் வேண்டுமா என்கிற குரல் ஒன்றுதான். அதுவும் பதிவு செய்து வைத்த குரல், பதில் சொன்னாலும் கேட்காது. முக்கோணத்துக்குக் கீழே என் நம்பரைப் போட்டேன்.

ம்.

நீங்கள் போட மறந்தீர்கள், அதனால் நானே போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் போன் அடித்தது.

"சேவு கம்பெனிங்களா? நான் சாயர்புரத்துல இருந்து தேவகிருபை பேசுதேன் சார். ஒரு சந்தேகம்."

வயதான குரல். ஆனால் தளர்ந்த குரல் இல்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள்.

"ஒங்க பாக்கெட்டுல முக்கோணம் போட்டு உள்ள அஞ்சுன்னு எழுதியிருக்கு. எங்க வீட்டுத் தயிர் டப்பாவிலயும் அதே அஞ்சு. பழைய சாமான் எடுக்க வாரவரு டப்பாவ வாங்கிக்கிடுதாரு. ஒங்க பாக்கெட்டத் தூக்கி என் கையிலயே குடுத்துட்டுப் போறாரு. ரெண்டும் அஞ்சுதான சார். இதுல என்ன பாரபட்சம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அது தயிர் டப்பாவில் இருந்தே எடுத்த அஞ்சு என்று எப்படிச் சொல்வது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

"மெதுவா விசாரிங்க. நான் எங்க போகப் போறேன்" என்றார்கள். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்றார்கள்.

"சாப்ட்டேம்மா" என்று வைத்துவிட்டேன்.

பிரஸ்ஸில் செல்வின் என்று ஒருத்தர், எங்கள் கவரை அடிக்கிறவர். அவரிடம் போய்க் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அஞ்சுங்கிறது ஒரு ஜாதி பிளாஸ்டிக் தம்பி. உங்க கவரு கலப்பு. மூணு தாள ஒண்ணா ஒட்டி உள்ள வெள்ளி பூசினது. அதுக்கு ஏழு. ஏழுன்னா இதர வகைன்னு அர்த்தம். பிரிக்கவும் முடியாது, எவனும் வாங்கவும் மாட்டான்" என்றார்.

"அப்ப அடிக்கும்போதே சொல்லியிருக்கலாமே."

"நீங்க குடுத்தத அடிக்கிறதுதான் எங்க வேலை. நாளைக்கு நீங்க யானைப்படம் குடுத்தாலும் அடிப்போம்."

சரி என்று வந்து, அந்த அம்மா போனுக்குக் காத்திருந்தேன். வந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். அங்கே ஏறி நின்று ஆதியோடந்தமாகச் சொன்னேன். அஞ்சு என்றால் என்ன, ஏழு என்றால் என்ன, டப்பாவை ஏன் உருக்க முடியும், கவரை ஏன் உருக்க முடியாது. நான் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் அந்தப் பக்கம் 'ம்' என்று கேட்டது. கதைக்குப் போடுகிற மாதிரியே 'ம்'. தாத்தா போன பிறகு நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தரமாவது கூப்பிடுவார்கள். எத்தனை சந்தேகம் என்கிறீர்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி போட்டுச் சதுரம் கட்டியிருக்கிறதே, அதுவும் குப்பைக் கணக்கா? அது சைவம் என்பதற்கு அம்மா. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனுசன் குனிந்து நிற்கிறானே, அவன் யார்? அவன் சும்மா, தொட்டியில் போடு என்று சொல்கிறவன், அவனை நம்பி மறுசுழற்சி என்று நினைக்கக் கூடாது அம்மா. டிபன் டப்பாவில் கோப்பையும் முள்கரண்டியும் எதற்கு? ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் அனுப்பின சாக்லேட் உறையில் இரண்டு அம்பு கட்டிப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கிறதே, அது என்ன? எனக்குத் தெரியாததை எல்லாம் தேடிப் படித்து வைத்துக்கொள்வேன். எங்கள் பாக்கெட்டே இல்லாததற்கும் கேட்பார்கள். சாம்பிராணி அட்டை, பவுடர் டப்பா, மாத்திரை அட்டை. நான் ஒன்றுக்கும் முகம் சுளித்ததில்லை.

கொஞ்சம் மறதி அவர்களுக்கு. பச்சைப் புள்ளியை எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்கள். நானும் ஒவ்வொரு தரமும் முதலில் இருந்து சொல்வேன். அவர்களும் முதல் தரம் கேட்கிற மாதிரியே 'ம்' போடுவார்கள். சில நாள் கேள்வியே மறந்துபோகும். "எதுக்கோ கூப்ட்டேன்யா, என்னன்னு ஓடல" என்பார்கள். "ஞாபகம் வந்ததும் கூப்பிடுங்கம்மா" என்று உடனே வைத்துவிடுவேன். ஒருத்தர் நேரத்தை நாம் வீணாக்கக் கூடாதில்லையா.

பேச்சும் அங்கே இங்கே போகும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கே போய்விட்டார்கள் என்பார்கள். கோயில் அசனச் சாப்பாட்டுக்குப் போனேன், பந்தியில் பக்கத்தில் உட்கார ஆள் தெரியவில்லை என்பார்கள். மகன் போனில் முகம் பார்த்துப் பேசுகிறான், ஆனால் சத்தம் முதலில் வந்துவிடுகிறது, அவன் வாய் அப்புறம்தான் அசைகிறது என்பார்கள். நான் பக்குவமாக இழுத்து லேபிளுக்குக் கொண்டுவந்துவிடுவேன். "சரிம்மா, நீங்க அந்த சாம்பிராணி அட்டையப் பத்திக் கேட்டீங்களே." "ஆமய்யா, சொல்லு" என்பார்கள். முதலில் சார் என்றார்கள். பிறகு தம்பி ஆயிற்று. பிறகு ஏய்யா. ஒவ்வொரு தரமும் முடிக்கும்போது, "சாப்ட்டியாய்யா?" "சாப்ட்டேம்மா." சாப்பிடாத நாளிலும் அப்படித்தான் சொல்வேன். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு நீளும்.

அவர்கள் கூப்பிடுகிற நாளாகத் தோன்றினால் சலவைச் சட்டை போட்டுக்கொள்வேன். போனில் சட்டை தெரியுமா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாதுதான்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இந்த அம்மாவை இப்படிச் சிரமப்படுத்துவது நம் லேபிள்தானே. பாக்கெட்டிலேயே எல்லாம் விளங்குகிற மாதிரி எழுதிவிட்டால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது. அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"முக்கோணத்த எடுக்கணுமா? அது இருக்கதுலதாம்லே ஒரு கெத்து இருக்கு."

"அது தப்பான முக்கோணம் அண்ணாச்சி."

"முக்கோணத்துல என்னலே தப்பு, சரி? யாரு படிக்கா அத?"

"ஒருத்தர் படிக்காங்க அண்ணாச்சி."

"ஒருத்தருக்காண்டி பிரஸ்ல புது அச்சு சிலிண்டர் வெட்டணுமாக்கும். அந்த ஒருத்தருக்கு நீ கடுதாசி எழுதிப் போடு, போ."

நானும் விடவில்லை. பேசாத ஆள் பேசினால் எரிச்சலாக இருக்குமே, அப்படிப் பேசினேன். கடைசியில் சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர், சரியான குறி இல்லாத பாக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி இறங்கி வந்தார். "போட்டுத் தொலை. எனக்கு அலமாரியில எடம் கெடச்சாச் சரி" என்றார்.

நான் எழுதினேன் சார். நீங்கள் கையில் வைத்திருப்பதுதான். திருப்பிப் பாருங்கள். வாசியுங்கள், வெயில் கண்ணில் அடிக்கிறதா, இப்படித் திரும்பிக்கொள்ளுங்கள்.

'இந்த உறை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. வகை ஏழு. பழைய பொருள் எடுப்பவர் இதை வாங்க மாட்டார். தயிர் டப்பா, தண்ணீர் பாட்டிலோடு சேர்க்க வேண்டாம். கழுவ வேண்டாம், உதறினால் போதும். மக்காத குப்பையில் போடவும். அடுப்பில் போட வேண்டாம்.'

எப்படி? விளங்குகிறதா? ஒவ்வொரு வரியும் அவர்கள் கேட்ட ஒரு கேள்வி. தயிர் டப்பாவை எந்தக் கம்பெனிக்காரன் லேபிளில் எழுதுவான் சொல்லுங்கள். செல்வின் கூட, "என்ன தம்பி, லேபிளா லவ் லெட்டரா" என்றார். அவருக்கு எப்போதும் கிண்டல்தான். 'கழுவணுமாய்யா?' என்று அவர்கள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் பாக்கெட்டை எல்லாம் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, அடுக்கி வைத்திருந்தார்களாம். வீட்டில் கொடி காலியாகத்தானே கிடக்கிறது என்றார்கள்.

புதுப் பாக்கெட் சாயர்புரம் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. போன் வந்தது.

"பாக்கெட்டு பாத்தேன்யா."

"எப்படிம்மா இருக்கு?"

"எல்லாம் வெளங்குது."

"சந்தேகம் ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லய்யா. ஒரு சந்தேகமும் வராத மாதிரி எழுதிப்புட்ட."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி. "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

"அப்போ இனி ஒனக்குத் தொந்தரவு இல்ல."

"ஆமாம்மா. அதுக்குத்தான் எழுதினேன்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

அதற்கப்புறமும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. சிக்னல் போய்விட்டது போல என்று நினைத்து நான்தான் வைத்தேன்.

அவ்வளவுதான். பிறகு கூப்பிடவே இல்லை.

முதலில், ஊருக்குப் போயிருப்பார்கள் என்று இருந்தேன். மகனிடம் போயிருக்கலாம். போன் பழுதாகியிருக்கலாம். பிறகு, லேபிளில் ஏதோ தப்பு பண்ணிவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை சார். மற்றப் போன் எல்லாம் வருகிறது. சேவில் முடி, சேவில் உப்பு, சரக்கு லாரி எங்கே நிற்கிறது. ஒருத்தர் குடித்துவிட்டு அண்ணாச்சியைத் திட்ட வேண்டும் என்று கூப்பிட்டார், அவர் திட்டி முடிக்கும் வரைக்கும் நான் 'ம்' போட்டேன். இது மட்டும் வரவில்லை.

மாடியில் தொட்டிப் பக்கம் நான் நிற்பதை அண்ணாச்சி பார்த்துவிட்டார். "ஏலே, போனு அடிக்காமலே எடுத்து எடுத்துப் பாக்கியே, பொம்பளப் பிள்ள விவகாரமா?" என்றார். கஸ்டமர் என்றேன். "கஸ்டமர் கூப்பிடலன்னா வெடி போட்டுக் கொண்டாடணும்லே, நீ என்னடான்னா துக்க வீட்டுக்காரன் மாதிரி நிக்க" என்றார். மறுநாள், இனி ஆபீஸில் ஒரு பிள்ளை உட்கார்ந்து போன் எடுக்கும், உன் நம்பரை எடுத்துவிட்டு ஆபீஸ் நம்பரைப் போடு என்றுவிட்டார். அதுதான் இந்தச் சுருள். நானே என் நம்பரை அழித்து, நானே புது நம்பரை உட்கார வைத்தேன். இது இன்றைக்கு பிரஸ்ஸுக்குப் போனால் நாளைக்கு அச்சு ஓடும். பழைய பாக்கெட் கடையில் தீர்ந்துவிட்டால், அந்த அம்மாவுக்கு என்னைக் கூப்பிட வழி கிடையாது. என் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தரம் சொன்னேன். "எதுக்குய்யா, அதான் பாக்கெட்டுல இருக்கே, ஒவ்வொரு தடவையும் பாத்துப் பாத்து அழுத்திக்கிடுதேன்" என்றார்கள்.

இந்தச் சுருளில் ஒரு வரியை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். 'கழுவ வேண்டாம்' என்பதை எடுத்தால் ஒரு சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கூப்பிடுவார்கள். ஆனால் போன் அந்தப் பிள்ளைக்கல்லவா போகும்.

என்ன சார்?

நானே கூப்பிடுவதா? அவர்கள் நம்பர் இருக்கிறது. போனைத் திறந்தால் மேலேயே நிற்கிறது, அதைக் கீழே போக விடாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அது முறை இல்லை. கஸ்டமர் கூப்பிட வேண்டும், நாம் எடுக்க வேண்டும். நானாகக் கூப்பிட்டு என்ன கேட்பேன்? எனக்கு என்ன சந்தேகம் இருக்கிறது?

சாப்பிட்டீர்களா என்று கேட்பதா.

அதற்கும் லேபிளுக்கும் என்ன சார் சம்பந்தம்?

அவர்கள் என்னைக் கேட்டார்களே என்கிறீர்கள். அது பெரியவர்கள் மரியாதைக்குக் கேட்பது. நான் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை. வேலையாகக் கூப்பிடுகிறவர்களிடம் வீட்டு விஷயம் எப்படிக் கேட்பது. இல்லை, அவர்களுக்கு உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்கள். பச்சைப் புள்ளி எல்லாருக்கும் தெரியும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒருத்தர் எதற்காக அத்தனை தரம் கேட்கப் போகிறார்?

எதற்காகக் கேட்கப் போகிறார் சார்?

ஹாரன் அடிக்கிறது. மருமகனா? அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம், சிவப்பு வண்டி. போங்கள் சார், போங்கள், வெயிலில் நிற்கிறார். டிரைவரும் கண்டக்டரும் எப்போது போனார்கள்? பேச்சில் கவனிக்கவே இல்லை. வேண்டாம் சார், மூன்று பேர் ஏறினால் வண்டி தாங்காது. எனக்கு அடுத்த பஸ் வரும். இல்லாவிட்டால் அதற்கடுத்தது வரும்.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது பழைய நம்பர்தான், என்னுடையது. ஏதாவது சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள். இருக்காது. நன்றாகத்தானே எழுதியிருக்கிறேன்.

பார்த்து, லாரி வருகிறது. போகட்டும். இப்போது போங்கள்.

சார்.

சார், சந்தேகம் இல்லாவிட்டாலும் கூப்பிடலாம்.

கேட்டதா சார்?